ஐந்து மூக்குகள்

தண்ணீரை மோந்து பார்க்க ஒரு டாக்டர் பட்டமா என்று என்னைக் கேட்காத ஆள் எங்கள் ஊரான கம்பத்தில் கிடையாது. முதலில் கேட்டவர்களுக்குப் பொறுமையாக விளக்கினேன். அப்புறம் முறைத்தேன். 2003-ஆம் வருஷம் முறைக்கவும் நேரமில்லாமல் போனது. செப்டம்பர் முப்பதுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை கெஞ்சிக் கூத்தாடி நீட்டிப்பு வாங்கியிருந்தேன். இதுவும் தப்பினால் பதிவு ரத்து, ஆறு வருஷ உழைப்பு அம்போ.

என் பெயர் சாதியா. உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஆய்வும் செய்தேன். எங்கள் பக்கம் வாய்க்காலை ஒட்டிய கிணறுகளில் சில மாதங்களுக்குத் தண்ணீர் மக்கிய மண் வாடையடிக்கும். பாசி செய்கிற வேலை அது. பாசி விடுகிற அந்தப் பொருள் ஒரு லட்சம் லிட்டரில் ஒரு மில்லிகிராம் கலந்திருந்தாலும் மனுஷ மூக்கு கண்டுபிடித்துவிடும். அதையே கருவியில் பார்க்க வேண்டுமானால் மதுரைக்கு அனுப்பிவிட்டு மூன்று வாரம் தேவுடு காக்க வேண்டும். நன்றாகப் பழக்கிய ஐந்து மூக்குகள் இருந்தால் ஒரு ஊர் தன் தண்ணீரைத் தானே சோதித்துக்கொள்ளலாம் என்று நிரூபிப்பதுதான் என் ஆய்வு.

ஐந்தில் நான்கு மூக்குகள் என் தெருப் பெண்களுடையவை. அவர்களில் கெட்டிக்காரி சல்மா அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். தெருவில் பெண் யாராவது இறந்து மய்யித்து விழுந்தால் குளிப்பாட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஐந்தாவது மூக்கு என் ஆய்வுக்கூட உதவியாளர் சகாயராணி. அவள் ராயப்பன்பட்டிக்காரி, தினமும் மாதா கோயிலுக்குப் போய்விட்டு வேலைக்கு வருகிறவள். சனிக்கிழமை காலையில் நானும் நான்கு பெண்களும் டவுன் பஸ் ஏறி உத்தமபாளையம் வருவோம். பஸ்ஸில் அவர்கள் அடிக்கிற கூத்தில் கண்டக்டரே டிக்கெட் கொடுக்க மறந்துவிடுவார்.

சோதனை ரொம்ப எளிது. ஒவ்வொருவர் முன்னாலும் மூன்று குடுவைகள் வைப்பேன். இரண்டில் கரியில் வடித்த, வாடையே இல்லாத தண்ணீர். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். லேசாகச் சூடாக்கி, மூடியைத் திறந்து மோந்து, எது வேறாக இருக்கிறது, என்ன வாடை என்று சீட்டில் எழுத வேண்டும். பேசக் கூடாது. முதல் நாள் இரவிலிருந்தே பூ, அத்தர், வாசனை சோப்பு எதுவும் ஆகாது. அந்த விதி எனக்கும் உண்டு. எந்தப் பாட்டிலில் எந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் என்பது எனக்கே தெரியாது. அட்டெண்டர் பிலவேந்திரன் வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் தெருவில் ஏழு வீட்டுக் கிணற்றிலும் தண்ணீர் எடுத்து, வாரம் ஒரு மாதிரியாக எழுத்தை மாற்றி ஒட்டி, விவரத்தை ஒரு உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிடுவார். ஆகஸ்டில் சுற்று முடிந்த பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். என்னை நானே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது என்பதில் அவ்வளவு கறார்.

அந்த வருஷம் என் வீட்டுக்காரர் அஷ்ரப் அரபு நாட்டில், தம்மாமில், வேலையில் இருந்தார். மே மாதத் தொடக்கத்தில் போனில் எங்களுக்குப் பெரிய சண்டை. விஷயம் ஒன்றுமில்லை. வழக்கம்போல வெள்ளிக்கிழமை கூப்பிட்டார், வழக்கம்போல என்ன சாப்பிட்டாய் என்று ஆரம்பித்தார். எனக்கு அன்றைக்கு ஒரு அத்தியாயம் முழுவதும் திருத்தலுக்குத் திரும்பி வந்திருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பது ஊருக்கே தெரியும். ஆய்வேட்டைக் கொடுக்கிற வரைக்கும் என்னைக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டேன். அவரும் கூப்பிடவில்லை.

ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது. மனுஷனுக்கு இவ்வளவு வீம்பா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் என்னோடு இருந்த அவர் அம்மாவிடம், என் மாமியிடம், கேட்டேன். அவனைப் பாலைவனத்தில் ஏதோ குழாய் வேலைக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே போன் கிடையாதாம், கூட இருக்கும் தௌபீக் சொன்னான் என்றார். போன் இல்லாத ஊரில் தபாலுமா இல்லை என்று நான் எகிறினேன். மாமி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். ஜூலையில் நானே ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். நீங்கள் பேசாமலிருப்பது எனக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது, வேலை ஓடுகிறது, இப்படியே இருங்கள் என்று எழுதினேன். எழுதியபோது நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை இரண்டாவது சனிக்கிழமை, கடைசிச் சுற்றின் முதல் சோதனையிலேயே, சகாயராணி ஒரு குடுவையைத் திறந்து மோந்துவிட்டு முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். சீட்டில் கற்பூரம் என்று எழுதியிருந்தாள். எனக்குக் குஷி தாங்கவில்லை. பாசி விடுகிற பொருள்களில் ஒன்று அச்சு அசலாகக் கற்பூரம் மாதிரி மணக்கும் என்று பாடப் புத்தகமே சொல்கிறது. மற்ற நான்கு சீட்டுகளையும் ஆவலாக எடுத்துப் பார்த்தேன். நான்கு பேருமே வேறு குடுவையைக் காட்டியிருந்தார்கள். வாடை ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தார்கள்.

சரி, சகாயராணிக்கு ஜலதோஷமோ என்னவோ என்று விட்டேன். அடுத்த சனிக்கிழமையும் ஒரு பாட்டிலில் அவளுக்குக் கற்பூரம் அடித்தது. வேறு இரண்டில் லேசாக அடித்தது. நான்கு பேருக்கும் ஒன்றுமில்லை. அதற்கடுத்த வாரமும் அதே கதை. நாலுக்கு ஒன்று என்றால் யாரைச் சந்தேகப்படுவீர்கள்? நான் சகாயராணியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். காலையில் கோயிலில் நின்றுவிட்டு அந்த வாடையைத் துணியோடு கொண்டு வருகிறாய் என்றேன். எங்கள் கோயிலில் மெழுகுவத்தியும் சாம்பிராணியும்தான், கற்பூரம் ஏற்றுவதில்லை மேடம் என்று அமைதியாகச் சொன்னாள். அதுவும் சரிதான்.

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு அவள் அந்தக் குடுவையை என்னிடம் நீட்டினாள்.

"மூக்கப் பொத்துற மாதிரி அடிக்குது மேடம். நீங்களே மோந்து பாருங்க."

மாதிரி தயாரிக்கிறவள் மோந்து பார்க்கக் கூடாது. ஆனாலும் விதியை மீறி மோந்தேன். எனக்கு ஒன்றுமே அடிக்கவில்லை. வெறும் தண்ணீர். சகாயராணி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மறுபடி மோந்தேன். பட்டப்பகல், வெளியே மைதானத்தில் பையன்கள் கபடி ஆடுகிற சத்தம் கேட்கிறது. என் கையில் மட்டும் காரணமில்லாமல் மயிர்க்கூச்செடுத்தது. அந்தப் பாட்டிலில் மீதியிருந்த தண்ணீரை அன்றைக்கே மதுரைக்கு அனுப்பினேன்.

அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. பஸ்ஸில் சிரிப்புச் சத்தம் நின்றுபோயிருந்தது. எப்போதிலிருந்து என்று எனக்கு நினைவில்லை. நால்வரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே திராட்சைத் தோட்டங்களைப் பார்த்தபடி வருவார்கள். நான் திரும்பினால் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள், உடனே பார்வையை விலக்குவார்கள். ஒரு நாள் சல்மா அக்கா காரணமே இல்லாமல் என் தலையை வருடிக்கொடுத்தார். தெருவில் யார் வீட்டில் நல்லது சமைத்தாலும் எங்கள் வீட்டுக்கு ஒரு கிண்ணம் வந்தது. இரண்டு கல்யாணங்களுக்கு என்னைக் கூப்பிடவே இல்லை, படிக்கிற பிள்ளை, தொந்தரவு செய்யக் கூடாது என்றார்கள். சனிக்கிழமை தவிர மற்ற நாட்களிலும் மாமி எனக்குப் பூ வாங்குவதை நிறுத்தியிருந்தார். மூக்குக்கு ஆகாதுன்னு நீதானே சொன்ன என்றார். ஆய்வுக்கு இவ்வளவு ஒத்துழைக்கும் மாமியார் யாருக்குக் கிடைப்பார் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். மக்கு.

ஆகஸ்ட் நடுவில் மதுரையிலிருந்து தாள் வந்தது. பாசிப் பொருள் துளிகூட இல்லை. இருந்தது நிஜமான கற்பூரம். கடையில் விற்கிற கற்பூரம்.

தாளை இரண்டு தடவை படித்தேன். என் தெருவில் சூடம் ஏற்றுகிறவர்கள் கிடையாது. எங்கள் ஆட்கள் கற்பூரத்தைத் தண்ணீரில் கரைப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். மய்யித்தைக் குளிப்பாட்டும்போது கடைசியாக ஊற்றுகிற தண்ணீரில் கரைப்பார்கள். அப்படியானால் வாரா வாரம் எங்கள் தெருவில் யாரையோ குளிப்பாட்டுகிறார்கள். யாரை?

அடுத்த சனிக்கிழமை, சுற்றின் கடைசிச் சோதனைக்குப் போகிற பஸ்ஸில், சல்மா அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, இந்த மூன்று நாலு மாதத்தில் நம் தெருவில் மய்யித்து ஏதாவது விழுந்ததா என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"நம்ம தெருவுல யாரும் மௌத்தாகல ஆத்தா."

அது உண்மை என்பது எனக்கும் தெரியும். தெருவில் மய்யித்துத் தூக்குகிற சந்தூக்கு போய் நான் பார்க்கவில்லை, பள்ளிவாசலில் அறிவிப்பும் கேட்கவில்லை. சாவே நடக்காமல் சாவுத் தண்ணீர் மட்டும் கிணற்றில் ஊறிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பயமா என்று கேட்டால், ஆமாம், பயம்தான்.

செப்டம்பர் பத்தாம் தேதி, புதன்கிழமை. கல்லூரியில் உட்கார்ந்து முடிவுகளை அட்டவணையாக்கிக்கொண்டிருந்தேன். மண் வாடை பாட்டில்களில் நான்கு பெண்களும் பின்னியெடுத்திருந்தார்கள், பத்துக்கு ஒன்பது சரி. கற்பூரப் பாட்டிலில் மட்டும் முழுக்கத் தப்பு. ஆறு சனிக்கிழமை, நாலு பேர், ஆக இருபத்து நாலு தடவை. இருபத்து நாலும் தப்பு.

பேனாவைக் கீழே வைத்தேன். மூன்று குடுவையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் மூன்று தடவைக்கு ஒரு தடவை சரியானது அகப்பட்டுவிடும். மூக்கே இல்லாதவளுக்கும் இருபத்து நாலில் ஏழெட்டாவது சரியாக வர வேண்டும். ஒன்றுகூட வராமலிருப்பது பதினேழாயிரத்துக்கு ஒரு தடவை நடக்கலாம். இருபத்து நாலு தடவையும் தப்பாகத் தொட வேண்டுமென்றால், எது சரி என்று தெரிந்திருக்க வேண்டும். நால்வருக்கும் கற்பூரம் அடித்திருக்கிறது. நால்வரும் மோந்துவிட்டு, தெரிந்தே, பக்கத்துக் குடுவையைக் காட்டியிருக்கிறார்கள். பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத பெண்கள். ஒன்றிரண்டு தடவை சரியாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சந்தேகமே வந்திருக்காது.

அலமாரியைத் திறந்து பிலவேந்திரனின் உறைகளைப் பிரித்தேன். சகாயராணிக்கு லேசாக அடித்த இரண்டும் எங்களுக்கு வலது பக்கத்து வீடும் இடது பக்கத்து வீடும். மூக்கைப் பொத்துகிற மாதிரி அடித்த பாட்டில், ஆறு வாரமும், என் வீட்டுக் கிணறு.

அப்போதுதான் எனக்கு ஏன் அடிக்கவில்லை என்று புரிந்தது. ஒரு வாடைக்குள்ளேயே கிடக்கிற மூக்குக்கு அந்த வாடை தெரியாது. முதல் வருஷப் பிள்ளைகளுக்கு நானே நடத்துகிற பாடம். நான் அந்தத் தண்ணீரில்தான் நாலு மாதமாகக் குளித்துக்கொண்டிருந்தேன். பிலவேந்திரன் தண்ணீர் எடுப்பது வெள்ளிக்கிழமை காலை என்றால், கற்பூரம் கரைவது வியாழக்கிழமை. வியாழக்கிழமை எனக்கு மாலை ஐந்து மணி வரை வகுப்பு.

மறுநாள் மதியம் தலைவலி என்று சொல்லிவிட்டு இரண்டு மணிக்கே கம்பம் வந்து இறங்கினேன். வாசற்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டவில்லை. பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனேன். நல்ல வெயில். கிணற்றடியிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வந்தது. பேச்சுச் சத்தம் ஒன்றும் இல்லை.

துவைக்கிற கல்லின் மேல் ஒரு பலகை போட்டிருந்தார்கள். பலகையில் அஷ்ரபின் வெள்ளைச் சட்டை கைகளை நீட்டிக் கிடந்தது. அதற்குக் கீழே அவருடைய கைலி விரித்திருந்தது. சல்மா அக்கா செம்பில் தண்ணீர் மொண்டு முதலில் வலது கையில் ஊற்றினார், பிறகு இடது கையில். ஊற்றி ஊற்றி மெதுவாகத் தடவினார். மற்ற மூன்று பேரும் ஒரு வேட்டியை நாலு பக்கமும் மறைப்பாகப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பி நின்றார்கள், சட்டைக்கு மானம் இருக்கிற மாதிரி. மாமி தலைமாட்டில் குந்தியிருந்தார். காலருக்கு மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில், இரண்டு உள்ளங்கைகளையும் குழித்து எதையோ தாங்கிக்கொண்டிருந்தார்.

யார் என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன்.

வேட்டி கீழே விழுந்தது. மாமி கையை எடுக்கவில்லை. சல்மா அக்காதான் செம்பை வைத்துவிட்டுப் பேசினார்.

"மே மாசம் எட்டாந்தேதி ஆத்தா. தூக்கத்துலயே போயிட்டாக. தௌபீக்குதான் போன் பண்ணுச்சு. அங்கனயே அடக்கிட்டாக."

அன்றைக்கு நான் கல்லூரியில் இருந்தேன். போனை எடுத்தவர் மாமி. எடுத்தவர் அழவில்லை. சல்மா அக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து தெரு முழுக்கப் போயிருக்கிறது, என்னைத் தவிர. புருஷன் மௌத்தானால் மனைவி நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வராமல் இத்தா இருக்க வேண்டும். மே எட்டிலிருந்து நான் உட்கார்ந்திருந்தால் கிணற்றுத் தண்ணீர் சேகரிப்பும் இல்லை, சனிக்கிழமைச் சோதனையும் இல்லை, செப்டம்பர் முப்பதும் இல்லை. தெரியாமலே நாள் கழிந்துவிட்டால் அதற்குமேல் உட்கார வேண்டியதில்லை என்று யாரோ போய் மார்க்கம் படித்த ஒரு ஆலிமிடம் பெயர் சொல்லாமல் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். பூவும் அத்தரும் கல்யாணமும் இல்லாமல் என்னை அவர்களே இத்தா இருக்க வைத்துவிட்டார்கள். எனக்குத்தான் தெரியாது.

சட்டையைக் குளிப்பாட்டுவது மார்க்கத்தில் இல்லாத காரியம் என்று சல்மா அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். பெற்ற மகனை யார் கை குளிப்பாட்டியதோ தெரியாது, வாரத்துக்கு ஒரு தடவை நான் குளிப்பாட்டுகிறேன், இல்லாவிட்டால் வாய்விட்டு அழுதுவிடுவேன், அழுதால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்றாராம் மாமி. குடுவையில் கற்பூரம் அடித்தபோது நால்வரும் பயந்துபோயிருக்கிறார்கள். ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமலே நால்வரும் பொய் எழுதியிருக்கிறார்கள்.

"இன்னும் ரெண்டே நாளு பொறுத்திருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார் மாமி. "பரவாயில்ல, ரெண்டு நாளு உள்ள இரு. மார்க்கம் அம்புட்டுத்தான் கேக்குது. ஞாயித்துக்கெழம எந்திரிச்சுப் போயி எழுதிக் குடு. அவன் அதத்தான் கேட்டுக்கிட்டே இருப்பான், எப்ப முடிப்பா, எப்ப முடிப்பான்னு."

எனக்கு முதலில் வந்தது கோபம். நூற்று இருபத்தாறு நாள் நான் ஒரு மய்யித்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். தினமும் காலையில் தலை சீவும்போது அவரைத் திட்டினேன். வீம்பு பிடித்தவன், இருக்கட்டும், வரட்டும் என்று சொல்லிக்கொண்டேன். நீங்கள் பேசாமலிருப்பது வசதியாக இருக்கிறது என்று கடிதம் எழுதினேன். அந்தக் கடிதத்தை தௌபீக் பிரித்துப் படித்திருப்பானோ. அவர் நல்ல மனுஷன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதைத் தவிர ஒரு தப்பும் செய்யாத மனுஷன். அவருக்காக அழ எனக்கென்று இருந்த நாட்களை என் நன்மைக்காகவே எடுத்துக்கொண்டுவிட்டு, இரண்டை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார்கள். அதை அவர்களிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நான்கு மாதம் ஒரு தாய் அழாமல் இருந்திருக்கிறாள்.

நான் போய் மாமிக்கு எதிரே, ஈரத்தில், அப்படியே உட்கார்ந்தேன். சட்டை காலரைத் தொட்டேன். தண்ணீர் சில்லென்றிருந்தது.

"ரெண்டு நாளு பத்தாது மாமி. நான் இன்னைக்கிருந்து இருக்கேன். நாலு மாசம் பத்து நாளும்."

பாவி, படிப்பு போயிரும் என்றார் மாமி. போகட்டும் என்றேன். நான் நூத்தி இருபத்தாறு நாளு அழுகாம இருந்தது இதுக்கா என்று கேட்டு என் தோளில் அடித்தார். அடித்த கையை என்னால் பிடிக்க முடியவில்லை, பிடிக்கவும் தோன்றவில்லை. இனி நீங்கள் அழலாம் மாமி என்றேன். அதற்குப் பிறகு அவர் போட்ட சத்தம் வாய்க்கால் வரைக்கும் கேட்டிருக்கும். நான்கு மாதமாகச் சாத்தியே கிடந்த பக்கத்து வீட்டு ஜன்னல்களெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாரும் எட்டிப் பார்க்கவில்லை, திறந்து மட்டும் வைத்தார்கள்.

அன்று சாயங்காலம் கல்லூரிக்கு ஒரு வரி எழுதி சல்மா அக்காவிடம் கொடுத்தனுப்பினேன். அவர் கதவை வெளியிலிருந்து மெதுவாகச் சாத்தினார். உள் அறையில் பாயை விரித்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டரை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஜூன் வரை, மே வரை பின்னால் புரட்டவில்லை. அன்றைய தேதியின் மேல் பென்சிலால் ஒன்று என்று எழுதினேன்.